வேலிக்கு அப்பால் ஒரு துப்பாக்கிச் சத்தம்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "அமெரிக்காவுல இருந்து வர்றீங்க, இருபது நிமிஷம் ஏதாவது பேசுங்க. ஆனா விசா, சம்பளம், வேலை வாய்ப்பு மூணும் வேண்டாம். அதைப் பேச ஏற்கெனவே ஆள் இருக்கு" என்றார். நல்லதாகப் போயிற்று. நான் பேச வந்திருப்பது துப்பாக்கியைப் பற்றி. பயப்பட வேண்டாம். உண்மையில் துப்பாக்கி ஒரு சாக்கு. பக்கத்து வீட்டுக்காரனோடு எப்படி வாழ்வது என்பதுதான் விஷயம்.

நான் இருப்பது டெக்ஸாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரத்துக்கு வெளியே. நகராட்சி எல்லை தாண்டிய கிராமப்புறம். அங்கே ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரில் மாட்டுப் பண்ணைகள் இருந்தன. இப்போது அவற்றை 2 ஏக்கர், 5 ஏக்கர், 10 ஏக்கர் என்று துண்டு போட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் என்னைப் போல நகரத்தில் வேலை பார்க்கிறவர்கள். எங்களுடையது 5 ஏக்கர். வேலிக்கு அந்தப் பக்கம் 25 ஏக்கர் வைத்திருப்பவர் மின்கம்பி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். முப்பது வருஷமாக அங்கேயே இருக்கிறார். சனிக்கிழமையானால் தன் நிலத்தில் இலக்கு வைத்துச் சுடுவார். அங்கே அது நம் ஊரில் சாயங்காலம் வாலிபால் ஆடுவது மாதிரி சாதாரணப் பொழுதுபோக்கு.

என் பெற்றோர் இரண்டு மாதம் வந்து தங்கியிருந்தார்கள். முதல் சனிக்கிழமை காலை டப், டப் என்று கேட்டதும் அப்பா வாசலுக்கு வந்து, "என்னப்பா, பக்கத்துல சாமி புறப்பாடா? வேட்டுப் போடுறாங்க?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அம்மா செய்த முதல் காரியம், முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளை உள்ளே தூக்கிக்கொண்டு போனதுதான். பாட்டிகளுக்கு இயற்பியல் சொல்லித்தர வேண்டியதில்லை.

நண்பர்களிடம் யோசனை கேட்டேன். ஒருவர், "போலீசைக் கூப்பிடு" என்றார். இன்னொருவர், "வீட்டை வித்துட்டு சிட்டிக்கு வந்துடு" என்றார். மூன்றாமவர், "நீயும் ஒண்ணு வாங்கிடு" என்றார். மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை. நாம் என்ஜினியர்கள் அல்லவா? முதலில் விதிமுறை என்ன, அப்புறம் கணக்கு என்ன, இரண்டையும் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று முடிவு செய்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மாசசூசெட்ஸ், நியூயார்க் மாநிலங்களில் வீட்டிலிருந்து 500 அடி தள்ளியிருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் வேட்டைக்காரர்களுக்கு 150 கஜம். டெக்ஸாஸில் 1981-க்குப் பிறகு நகராட்சியோடு சேர்க்கப்பட்ட இடங்களில்கூட, 10 ஏக்கரும் அடுத்த வீட்டுக்கு 150 அடி இடைவெளியும் இருந்தால் ஷாட்கன் சுடுவதை நகராட்சி தடுக்க முடியாது. 50 ஏக்கரும் 300 அடியும் இருந்தால் ரைஃபிளையும் தடுக்க முடியாது. ஆனால் குண்டு நில எல்லையைத் தாண்டாத விதத்தில் சுட வேண்டும் என்பது நிபந்தனை. நகராட்சிக்கு வெளியே மாவட்ட நிர்வாகம், அதாவது கவுன்ட்டி, மனைப் பிரிவுகளில் 10 ஏக்கர் அல்லது அதற்குக் குறைவான மனைகளில் சுடுவதைத் தடை செய்யலாம். செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. எங்கள் பெரியவருக்கு 25 ஏக்கர் இருக்கிறது. அவர் மனைப் பிரிவிலும் இல்லை. ஆக அவர் தன் நிலத்தில் சுடுவது சட்டப்படி சரி. ஷெரிஃபைக் கூப்பிட்டால் அவர் வந்து, இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது வேலி அல்ல, பகை.

இனி கணக்கு. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு .22 ரைஃபிள் நினைவிருக்கும். துப்பாக்கி உலகத்தில் அது குழந்தை. அந்தக் குழந்தையின் குண்டுப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள்: ஒன்றரை மைல் வரை ஆபத்து. அதாவது சுமார் 2.4 கிலோமீட்டர். 10 ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 200 மீட்டர்தான். குண்டு போகக்கூடிய தூரம் அந்த நிலத்தின் நீளத்தைப் போல 12 மடங்கு. மான் வேட்டை ரைஃபிள் என்றால் இன்னும் அதிகம். ஆகவே "என் நிலத்துக்குள்ளேதான் சுடுகிறேன்" என்று சொல்வதற்கு ஏக்கர் கணக்கு போதாது. குண்டை நிறுத்துவது வேலி அல்ல, தூரமும் அல்ல. மண் மேடு மட்டும்தான்.

மேடு எவ்வளவு உயரம் வேண்டும்? 50 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இலக்கு. துப்பாக்கியும் அதே உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுடும்போது முனை 3 டிகிரி மேலே தூக்கிவிட்டது. 3 டிகிரியின் டேன்ஜென்ட் 0.052. ஐம்பதால் பெருக்கினால் 2.6 மீட்டர். இலக்கின் ஒரு மீட்டரையும் கூட்டினால் 3.6. பின்னால் இருக்கும் மேடு இரண்டரை மீட்டர் என்றால் குண்டு மேலே பறந்து போயிற்று. ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கியில் 3 டிகிரி என்பது முனை 5 சென்டிமீட்டர் உயர்வது. கொசு கடித்தால்கூட அவ்வளவு அசையும். இதனால்தான் மேட்டை இலக்குக்கு ஒட்டினாற்போலவும், சுடுகிற இடத்தை மேட்டுக்குக் கிட்டத்திலும் வைக்கச் சொல்கிறார்கள். மேட்டின் முகத்தில் கல் இருக்கக் கூடாது. கல்லிலும் தண்ணீரிலும் பட்ட குண்டு எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. வைக்கோல் கட்டு, பழைய பலகை எல்லாம் பார்வைக்கு மறைப்பு. குண்டுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

கணக்கு பேப்பரில் இருக்கும்வரை சுவாரசியம். ஆனால் ஒஹையோ மாநிலத்தில் 2011 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். ஒருவர் தன் பழைய காலத்து ரைஃபிளில் இருந்த குண்டை வெளியேற்றுவதற்காக வானத்தைப் பார்த்துச் சுட்டார். ஒன்றரை மைல் தள்ளி, கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து குதிரை வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 15 வயது ஆமிஷ் பெண்ணின் தலையில் அது பாய்ந்தது. அவள் பிழைக்கவில்லை. சுட்டவருக்கு அவளைத் தெரியாது, விரோதம் இல்லை. அந்தக் குண்டு எங்கே போய் விழும் என்று அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று எங்கள் மாநிலத்திலேயே. ஹூஸ்டனுக்கு வடக்கே கிளீவ்லாண்ட் ஊர்ப்பக்கம், 2023 ஏப்ரல் 28 இரவு. ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் சுட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. "குழந்தை தூங்கணும், கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுடுங்களேன்" என்று கேட்டார்கள். அவர் அந்த வீட்டுக்குள் புகுந்து ஐந்து பேரைக் கொன்றுவிட்டார். அதில் ஒரு சிறுவனும் உண்டு. ஹோண்டுராஸிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அந்தச் செய்தியைப் படித்த இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நாமும் அதைத்தான் கேட்டிருப்போம்.

ஆகவே எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நான் எனக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டேன். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது வேலிக்குப் போகக் கூடாது. ராத்திரியில் போகக் கூடாது. குடித்திருக்கிறார் என்று தோன்றினால் போகவே கூடாது, அப்போது ஷெரிஃப்தான். குண்டு நம் பக்கம் வந்தது என்று சந்தேகம் வந்தால் யோசிக்க வேண்டாம், எல்லோரும் வீட்டுக்குள் போய்த் தரையோடு இருந்துகொண்டு உடனே 911. மனிதர் இருக்கும் திசையில் சுடுவது டெக்ஸாஸில் குற்றம். அங்கே அண்டை வீட்டு மரியாதைக்கு வேலை இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும், பட்டப்பகலில், துப்பாக்கி உள்ளே போன பிறகு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானும் மனைவியும் தேங்காய் பர்பி எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனோம். அவர் சுடுகிற இடத்தைக் காட்டினார். பழைய ரயில் கட்டைகள், அதற்குப் பின்னால் மக்கிப்போன வைக்கோல் உருளைகள். அதற்கும் பின்னால், வேலி தாண்டி, எங்கள் நிலம். "முப்பது வருஷமா இதே பக்கம்தான் சுடறேன். அங்கே மாடுகூட மேயாது, வெறும் புதர்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மாறியது அவர் அல்ல, நாங்கள்தான் வந்து சேர்ந்தோம். நான் அதை ஒப்புக்கொண்டேன். பிறகு, "இப்ப அந்தப் புதர் இருந்த இடத்துலதான் என் மகள் ஊஞ்சல் ஆடறா" என்றேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு, "வா, நடந்து பார்க்கலாம்" என்றார்.

இரண்டு பேரும் எல்லையைச் சுற்றி நடந்தோம். செல்போனில் வான்படத்தை வைத்துக்கொண்டு எந்தத் திசையில் எந்த வீடு, எவ்வளவு தூரம் என்று குறித்தோம். வடக்கு மூலையில் அவர் நிலத்திலேயே ஒரு சரிவு இருந்தது. அதன் பின்னால் குன்று; வீடே கிடையாது. சுண்ணாம்புப் பாறை மட்டும் பிரச்சினை, குண்டு தெறிக்கும். அவர் டிராக்டரில் இரண்டு வாரம் மண் அள்ளிப் போட்டு, கல் பொறுக்கி, நாலு மீட்டர் உயரத்துக்கு மேடு எழுப்பினார். கோணக் கணக்கு நான் போட்டேன். வேலை முழுவதும் அவருடையது. "முப்பது வருஷத்துல என்கிட்ட வந்து கேட்ட முதல் ஆள் நீதான். மத்தவங்க எல்லாம் ஷெரிஃபைத்தான் அனுப்பினாங்க" என்றார்.

நண்பர்களே, அந்தப் பேச்சில் பிறந்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன். ஒரு தாளிலும் எழுதவில்லை, கையெழுத்தும் இல்லை. சனிக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை. ஞாயிறு காலை கிடையாது. அது மற்ற வீட்டுக்காரர்கள் சர்ச்சுக்குப் போகிற நேரம். ஆரம்பிக்கும் முன்பு ஒரு செய்தி அனுப்புவார். எங்கள் வீட்டில் பிறந்தநாள், விருந்தினர், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நான் ஒரு செய்தி அனுப்புவேன். அன்று அவர் சுடமாட்டார். வெளியாள் யாராவது சுட வந்தால், எந்தப் பக்கம் சுடக் கூடாது என்பதை அவரே நின்று காட்டுவார். வேலி ஓரத்தில் எங்களுக்கு வேலை இருந்தால் நானும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

இதில் அந்த முன்செய்திதான் பெரிய விஷயம். ஒரு ரைஃபிள் வெடிக்கும்போது பக்கத்தில் சத்தம் 160 டெசிபல் வரை போகும். தொழிற்சாலைகளில் திடீர் ஓசைக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் வரம்பு 140. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 160 என்றால் 256 மீட்டரில் சுமார் 112. காதைச் செவிடாக்காது, ஆனால் நெஞ்சைத் திடுக்கிட வைக்கும். காரணம், சுடுகிறவனுக்கு அடுத்த வெடி எப்போது என்று தெரியும்; கேட்கிறவனுக்குத் தெரியாது. இன்னும் ஒன்று கவனிக்கலாம். வேட்டை ரைஃபிளின் குண்டு ஒலியைப் போல இரண்டரை மடங்கு வேகத்தில் போகிறது. ஆகவே அது போகிற பக்கம் இருப்பவனுக்கு முதலில் சாட்டை சொடுக்கின மாதிரி ஒரு சத்தம், அப்புறம் 'டும்' என்று துப்பாக்கிச் சத்தம், இரண்டாகக் கேட்கும். பின்னால் இருப்பவனுக்கு ஒன்றுதான். மேடு திசை மாறிய பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சாட்டைச் சத்தம் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் என் மனைவி ஊஞ்சலைத் துடைத்து வைத்தாள்.

சத்தத்தைப் பற்றிப் பேசும்போது மெக்கானிக்கல் தம்பிகளுக்கு ஒரு தகவல். நம் ஊரில் பைக்கில் இருப்பதை 'சைலன்சர்' என்கிறோமே, அந்தப் பேர் துப்பாக்கியோடும் சொந்தம் கொண்டது. எம்.ஐ.டி.யில் 1886-இல் படித்து முடித்த ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற என்ஜினியர் 1909-இல் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே தத்துவத்தை என்ஜின் புகைக்குழாய்க்கும் பயன்படுத்தினார். இவருடைய அப்பா யார் தெரியுமா? இயந்திரத் துப்பாக்கி கண்டுபிடித்த மாக்சிம். அப்பா உண்டாக்கிய சத்தத்தை மகன் அடக்கப் பார்த்தார்! சினிமாவில் காட்டுகிற மாதிரி சத்தமே இல்லாமல் போகாது. 20 முதல் 35 டெசிபல் குறையும். 1934-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு 200 டாலர் வரி போட்டது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். பதிவு மட்டும் இன்னும் உண்டு. கிராமப்புறத்தில் பலர் இதைப் பக்கத்து வீட்டுக்குச் செய்கிற மரியாதையாகவே வாங்குகிறார்கள்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு: குண்டு பட்டால் வெடிக்கிற இலக்குகள். 2017 ஏப்ரலில் அரிசோனாவில், பிறக்கப் போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்க ஒருவர் அப்படி ஒரு இலக்கைச் சுட்டார். காய்ந்த புல்லில் தீப்பிடித்து சுமார் 47,000 ஏக்கர் எரிந்தது. நல்ல செய்தியைச் சொல்ல எத்தனையோ வழி இருக்கிறது. அதே போல மேட்டில் சேரும் ஈயத்தையும் மறக்கக் கூடாது. மண்ணில் புளிப்புத் தன்மை இருந்தால் ஈயம் கரைந்து தண்ணீரில் இறங்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். அவ்வப்போது மண்ணைச் சலித்து ஈயத்தை எடுப்பதும், சுண்ணாம்பு போடுவதும் நல்ல பழக்கம்.

நாளை அங்கே படிக்கப் போகிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மாணவர் விசாவிலோ, எச்-1பி விசாவிலோ இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நண்பன் கையில் கொடுத்து, "சும்மா ஒரு ரவுண்டு சுட்டுப் பாரு" என்று சொன்னாலும் சட்டம் சட்டம்தான். நானும் அந்த விசாவில்தான் இருக்கிறேன். பெரியவர் எத்தனையோ தடவை கூப்பிட்டும் இலக்கை எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டேன். வீடு வாங்கும் அளவுக்கு வளர்ந்தவர்கள், கிராமப்புறத்தில் இடம் பார்க்கும்போது ஒரு சனிக்கிழமை காலையும் போய் நின்று கேளுங்கள். தரகர் காட்டுகிற புதன்கிழமை மத்தியானம் எல்லா இடமும் அமைதியாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. போன தீபாவளிக்கு முன்பு பெரியவர் வேலியண்டை வந்து, "உங்க பண்டிகை எந்த நாள்? பட்டாசு எத்தனை மணிக்கு? முன்னாடியே சொன்னா குதிரையை லாயத்துல கட்டிடுவேன்" என்று கேட்டார். இப்போது நாங்கள் அவருக்கு நேரம் சொல்லி அனுப்புகிறோம். இங்கே தமிழ்நாட்டிலும் 2018 முதல் பட்டாசுக்குக் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்று அரசு நேரம் குறித்திருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டில் பிரசவித்த பெண் இருக்கிறாளா, இதய நோயாளி இருக்கிறாரா என்று அரசாணைக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியும்.

கல்லூரியில் என்.சி.சி. சுடும் பயிற்சியன்று முதல் வேலை என்ன? சிவப்புக் கொடி கட்டுவது. அந்தக் கொடி எதிரிக்கு அல்ல. அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு வருகிற, நமக்குப் பேர்கூடத் தெரியாத யாரோ ஒருவருக்கு. நாம் செய்கிற எந்த வேலையிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். போர்வெல் போட்டாலும், தொழிற்சாலையில் கழிவு நீர் விட்டாலும், மாடியில் ஜெனரேட்டர் வைத்தாலும் விதிமுறைப் புத்தகம் சொல்வது குறைந்தபட்ச அளவுதான். அதற்கு மேலே இருப்பதை எந்த இன்ஸ்பெக்டரும் வந்து அளக்க மாட்டார். அதை நாமாகத்தான் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் தேங்காய் பர்பி இருந்தால் இன்னும் விசேஷம்.